உடுக்கையை நிறுத்தியவனுக்கு

மச்சான்,

இன்று சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுபோயிருந்தேன். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் ஒருவன் கல் கூட்டி அடுப்பு மூட்டி இரும்புச் சட்டியில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருக்கிறான். பச்சைக் கொட்டை மஞ்சளாகி, மஞ்சள் சிவந்து, முதல் கொட்டை வெடிக்கிற நேரத்தில் ஒரு மணம் எழும்புமே, அது எழும்பியது. என் பாதி ஆயுசு அந்த மணத்துக்குள்தான் போயிற்று என்று உனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் தீயைத் தணிக்கச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று ஒரு குவளையை நீட்டினான்.

"வறுக்கத்தானுங்க தெரியும். குடிக்கறதில்லீங்க."

பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். கொட்டையைக் கருக்கப்போவது அவன்தானே, நான் இல்லையே.

அந்த அடுப்பின் பக்கத்தில் நிற்கும்போதுதான் உன் மகன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். தோளும் நடையும் உன்னுடையவை. பேச்சில் இருக்கும் அடக்கம் மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நிச்சயமாக உன்னிடமிருந்து இல்லை. நீ போனபிறகு கருப்புசாமி கோயில் பூசாரி வேலையும் உன் உடுக்கையும் அவன் கைக்கு வந்திருக்கின்றன. நன்றாகவே அடிக்கிறான்.

"மாமா, ஊர்ல ஒரு பேச்சு ஓடுதுங்க. சர்க்காரு சாராயக் கடையெல்லாம் மறுபடி தெறந்துட்டாங்க. இந்த நோம்பிக்குக் கருப்புக்குப் பழையபடி சாராயம் வெக்கலாமான்னு ஊர்க்கவுண்டரு கேக்கச் சொன்னாருங்க. அன்னிக்கு வேண்டாம்னு சொன்னது சாமிதானான்னு நீங்கதான் சொல்லோணும். உங்க மேலதானே வந்துச்சு."

நோம்பித் திருவிழாவன்றே சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதும் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம்? இப்போது போன இடத்தில் யாரைப் பிடித்துப் படிக்கச் சொல்வாயோ, அது உன் பாடு.

அவன் கேட்டது சின்னக் கேள்விதான். 'ஆமாம், சாமிதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். 'இல்லை' என்றால் கோயிலுக்குச் சாராயக் குடுக்கை வரும். நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருப்புக்குப் படைத்த குடுக்கை, வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளிடம் கைமாறிக் கைமாறி வரும். ஆளுக்கு ஒரு மடக்கு. அது பிரசாதம். வாங்காமல் அடுத்தவனிடம் தள்ளிவிட்டவன் இந்த ஊரில் இதுவரை ஒருவனும் இல்லை. தள்ளினால் சாமி குத்தம். அந்த ஒரு மடக்கு என் தொண்டையில் இறங்கினால் அதோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு இந்த நெஞ்சுப் படபடப்பு எப்போது தொடங்கியது என்று நீ அடிக்கடி கேட்பாய். புலியைக் கண்டேனா, பேயைக் கண்டேனா என்று துருவுவாய். ஒன்றையும் காணவில்லை. காப்பித் தோட்டத்துக் களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். நான் பலகையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை சில்லிட்டது. மூச்சு பாதிக்குமேல் உள்ளே போகவில்லை. இதோ செத்தோம் என்று நினைத்துக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சாகவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே விட்டுப்போயிற்று. ஆனால் மறுபடி வரும் என்ற பயம் போகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பயத்தோடுதான் குடித்தனம்.

குடித்தனம் நடத்த எனக்கு மூன்று கூட்டாளிகள் கிடைத்தார்கள். விடிந்ததும் வெல்லம் தட்டிப்போட்ட கடுங்காப்பி. தோட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை; வறுக்கிற சட்டி என் கையில். காப்பி உள்ளே போனால் நெஞ்சு இன்னும் துள்ளும். அதை அடக்கப் பீடி. கையில் காசு புரண்டால் தோட்டத்து ஆபீஸ்காரர்களைப் போல ஒரு சிகரெட்டு. பொழுது சாய்ந்தால் சாராயம். சாராயம் தூங்க வைக்கும். விடிகாலையில் அதுவே தட்டி எழுப்பி உட்கார வைத்து உடம்பெல்லாம் உதறவும் வைக்கும். அந்த உதறலுக்கு மறுபடி காப்பி. செக்கு மாட்டுக்காவது சாயங்காலம் நுகத்தடியிலிருந்து விடுதலை உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

துறையூரில் ஒரு வைத்தியரிடம் நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல கோளாறு ஒண்ணுமில்ல. உள்ளே ஊத்தறதையும் ஊதறதையும் நிறுத்திப் பாருங்க" என்றார். வெளியே வந்ததும் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நல்ல வைத்தியரு மாப்ள. மருந்துக்குக் காசே வாங்கல. வா, அந்தக் காசுக்கு ஒரு எடத்துக்குப் போலாம்." போனோம். அன்று வந்த சிரிப்பு எனக்கு இன்னும் வருகிறது.

பிறகு சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. மலையில் கடைகளை மூடினார்கள். நாமும் திருந்திவிட்டோம் என்று சர்க்கார் நினைத்திருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலை வேறு ஜில்லா ஆயிற்றே. அங்கே கடை திறந்தே இருந்தது. இங்கே ஒரே ஓட்டமாக ஓடிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே மலை இறங்கிப்போய்க் குடித்தோம், அவ்வளவுதான் மாற்றம். கருப்புக்கும் அங்கிருந்துதான் நோம்பிச் சாராயம் வந்தது. "சாமிக்கு ஏது மாப்ள ஜில்லா?" என்று கேட்டுவிட்டு, படையல் முடிந்ததும் குடுக்கையில் மிஞ்சியதையும் இலையில் வைத்த சுருட்டையும் துண்டில் முடிந்துகொண்டு போவாய். பூசாரி பங்கு. வருஷத்துக்கு ஒரு தரம் அந்தத் துண்டு முடிச்சோடு நீ நடந்துபோகும் அழகைப் பார்க்க வேண்டும். ஜமீன்தார் தோற்றார்.

அந்தப் புளியஞ்சோலைப் பாதையில்தான் எனக்குப் புத்தி வந்தது. கடையில் இரண்டு பேரும் குடித்துவிட்டு மத்தியான வெயிலில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதை ஒடுங்கி ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளமுமாக வரும் இடத்தில் எனக்கு அது வந்துவிட்டது. முன்னால் ஓர் அடி வைக்க முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். போதையில் நீயும் ஆடிக்கொண்டிருந்தாய். ஆனாலும் பள்ளத்துப் பக்கமாக வந்து நின்று என் முதுகில் கை வைத்தாய். நான் விழுந்தால் முதலில் விழப்போவது நீதான். அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு ஊர் வம்பெல்லாம் பேசினாய். யார் வீட்டு மாடு யார் சாமைக் காட்டில் மேய்ந்தது, எந்தக் கல்யாணத்தில் யார் சண்டை போட்டார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தாய். என் மூச்சு திரும்பிவரும்வரை பேச்சு நிற்கவில்லை.

மேலே ஏறி உட்கார்ந்ததும் சொன்னேன், "மச்சான், நான் எல்லாத்தையும் வுட்டுடறேன்."

"வுடு. நல்லதுதான். ஆனா நானும் வுடுவேன்னு மட்டும் நெனச்சுப்போடாத."

விட்டேன். அந்த மாசத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உடம்பு உதறியது, வேர்த்தது, சோறு இறங்கவில்லை. சாராயம் போனதைவிடப் பீடி போனது கஷ்டம். இரண்டையும்விடக் காப்பி போனதுதான் பெரிய கஷ்டம். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தலையைப் பிளந்துகொண்டு வலிக்கும். ஆனால் வேலை அந்தக் காப்பிச் சட்டிக்கு முன்னால்தான். நாள் முழுவதும் மற்றவர்களுக்கு வறுத்துக் கொடுத்துவிட்டு, நான் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட தண்ணீரைக் குடித்தேன். நீ ஒருநாள் அதை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதைக் குடிக்கறதுக்குப் படபடப்பே தேவலை" என்றாய்.

இவற்றையெல்லாம் விட்டால் படபடப்பும் போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன். போகவில்லை, மச்சான். முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனையும் கொடுத்தும் போகமாட்டேன் என்கிறதே என்று. பிறகு மெல்லத்தான் ஒன்று புரிந்தது. முன்பெல்லாம் எது சாராயத்தின் உதறல், எது காப்பியின் துள்ளல், எது என் பயம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. இப்போது வருவது பயம் ஒன்றுதான். வரும், இருக்கும், போகும். வரும் வழியும் தெரிந்தது, போகும் வழியும் தெரிந்தது. அது தெரிந்ததே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அந்தத் தைரியத்துக்கு முதல் சோதனையாக நோம்பி வந்தது. குடுக்கை சுற்றிவருமே என்று கதி கலங்கிப்போனேன். அன்றைக்கு மட்டும் எங்காவது போய்விடுகிறேன் என்றேன். நோம்பிக்கு எல்லை கட்டியபிறகு ஊரைவிட்டு யாரும் போகக்கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். "வந்து உக்காரு. ஒரு மடக்குதானே. வாயில வெச்சுட்டுத் துப்பிரு" என்றாய். சாமி பிரசாதத்தைத் துப்பச் சொல்லும் பூசாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

சோலைக்குள் கருப்புசாமியின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தோம். பகல் பொழுது. நீ உடுக்கை எடுத்தாய். சாம்பிராணிப் புகை, ஆட்டு ரத்த வாடை, எல்லாவற்றுக்கும் மேலே குடுக்கையிலிருந்து வந்த சாராய மணம். குடுக்கை வலமாகக் கிளம்பியது. ஒவ்வொரு கையாக நெருங்கி வருகிறது. உன் உடுக்கைச் சத்தத்தோடு சேர்ந்து என் நெஞ்சும் அடிக்கிறது. எனக்கு நாலு ஆளுக்கு முன்னால் குடுக்கை வந்தபோது அது என்னைப் பிடித்துவிட்டது. கால் உதறி, கை உதறி, உடம்பு முழுக்க ஆடத் தொடங்கியது. கண் மேலே சொருகிற்று என்று பிறகு சொன்னார்கள்.

"சாமி வந்துருச்சு! கருப்பு வந்துருச்சு!"

ஊரே எழுந்துவிட்டது. இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ வேப்பிலையை என் கையில் திணித்தார்கள். ஊர்க்கவுண்டர் முன்னால் வந்து கைகட்டி நின்றார். "சாமி, சாமை வெளையுமா? மழை எப்போ?" என்று கேட்டார். எனக்கு மூச்சே வரவில்லை, மழைக்கு நான் எங்கே போவேன்? ஒரு மடக்குக்குப் பயந்துகொண்டிருந்தவனுக்கு இப்போது குடுக்கை முழுவதும் வந்தது. சாமியாயிற்றே, சாமிக்கு முழுக் குடுக்கை! சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து உதட்டில் சொருகப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"சாமி கோவிச்சுக்கிச்சு! பத்தலையாட்ட இருக்குது, இன்னொரு குடுக்கை கொண்டாங்க!"

இப்போது நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகை வந்தது. சாராயம் தாடையில் வழிந்தது. உதடு நனைந்தது. அந்த மணம் மூக்குக்குள் ஏறியதும், மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், வாயைத் திறந்துவிடலாம் என்று இருந்தது. திறந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

அப்போதுதான் உடுக்கை நின்றது.

சாமி மலையேறும் முன்னால் எந்தப் பூசாரியும் உடுக்கையை நிறுத்தமாட்டான். நிறுத்தினால் சாமி வந்தவன் உயிருக்கே ஆபத்து என்பார்கள். நீ நிறுத்தினாய். ஊர் முழுக்க உன் பக்கம் திரும்பியது. நீ எழுந்து வந்து என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முகத்துக்கு நேரே பார்த்தாய். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பினாய்.

"குடுக்கையை எடுங்க. சாமி கேக்கறது இதையில்ல."

"பின்னே என்னத்தைக் கேக்குது பூசாரி?" என்றார் கவுண்டர்.

"சுனைத் தண்ணியும் சாமைக் கஞ்சியும் கேக்குது. இனிமே இந்தக் கோயில்ல சாராயம் ஆகாதுங்குது. சுருட்டும் ஆகாது."

"நெசமாவா?"

"நான் பூசாரிங்க. சாமி சொல்றதைச் சொல்றேன். கேக்கறதும் கேக்காததும் ஊரு விருப்பம்."

சுனையிலிருந்து தண்ணீர் வந்தது. உன் கையால் ஊட்டினாய். அந்தத் தண்ணீருக்குத்தான் வாயைத் திறந்தேன். ஊர் கும்பிட்டது. குலவை போட்டார்கள்.

திரும்பி வரும்போது உன் துண்டில் முடிச்சு இல்லை. வெறும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. "சாமி வரலைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"சாமி வந்தவன் வாயைப் பொளப்பான் மாப்ள. எத்தனை பேரைப் பாத்திருக்கறேன். நீ ஒருத்தன்தான் பல்லைக் கடிச்சுட்டு நின்ன."

"உன்ற பங்கு போச்சே மச்சான்."

"போச்சுத்தான். வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பங்கு." துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டாய். பிறகு, "பேசாம வா. வவுத்தெரிச்சலைக் கெளப்பாத" என்றாய்.

அதன்பிறகு நீ என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நீ குடியை விடவும் இல்லை. மாசத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லிப் புளியஞ்சோலைக்கு இறங்கிவிடுவாய். திரும்பி வந்தால் நேரே என் வீட்டுக்கு வரமாட்டாய். வந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, உன் மூச்சு என்மேல் படாத பக்கமாகத் தள்ளி உட்காருவாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாய். கவனித்தேன். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னைப்போல எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை.

போன மழைக்காலக் காய்ச்சலில் நீ விழுந்தாய். கஷாயமும் இறங்கவில்லை. கடைசியாக என்னைப் பார்த்தபோது, உன் காய்ச்சலை விட்டுவிட்டு, "படபடப்பு வந்துச்சா?" என்று என்னைக் கேட்டாய். வந்தது என்றேன். "போச்சா?" போயிற்று என்றேன். "அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எனக்கு மூன்றின் மேலும் ஒரே நேரத்தில் ஆசை வந்தது. காப்பி வேண்டும், பீடி வேண்டும், சாராயம் வேண்டும். உன் பேரைச் சொல்லி அழுதேன். தோட்டத்துக்குப் போய் வறுக்கிற சட்டியைத் துலக்கி வைத்துவிட்டு வந்தேன். ஆசை போயிற்று. நீதான் போய்விட்டாய்.

*

இதுவரை எழுதி மூடி வைத்திருந்தேன். நேற்று நோம்பி முடிந்தது. மீதியைக் கேள்.

ஊர் கூடியதும் கவுண்டர் எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார். வயசாகிவிட்டது அவருக்கு, கோலூன்றித்தான் நிற்கிறார். "ஏனுங்க, அன்னிக்கு வந்தது கருப்புதானா? உங்க வாயால சொல்லீருங்க. ஊரு கேட்டுக்கறோம்."

சாமிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ செய்த காரியத்தைக் கருப்பு தலையில் கட்டிவிட்டு நான் அதன் பின்னால் ஒளிந்துகொள்வதா? நீ அதற்காகவா உன் பங்கை விட்டாய்?

"அன்னிக்கு நடுங்குனது நானுங்க" என்றேன். "எனக்கு அடிக்கடி வர்ற படபடப்பு அது. சாமி கூட இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் குடியை வுட்டிருந்தேன், குடுக்கையைக் கண்டு பயந்துட்டேன். என்னைக் காப்பாத்தறதுக்காகப் பூசாரி அப்படிச் சொன்னாருங்க."

உன்மேல் பழி வருமோ என்று உன் மகன் முகத்தைப் பார்த்தேன். அவன் தலை குனிந்திருந்தான். கவுண்டர் கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகந்தானுங்க. ஆனா தனக்கு வர்ற சாராயத்தையே ஒரு பூசாரி வேண்டாங்கறான். அதைக் கேட்டுட்டுச் சாமி இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் மகனும் தலை நிமிர்ந்து சிரித்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு ஊர் கூடிப் பேசி, சுனைத் தண்ணீரும் கஞ்சியும் இருக்கட்டும், சாராயமும் வைக்கலாம் என்று முடிவு செய்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கருப்புக்கு என்ன வேண்டுமென்று நான் யார் சொல்ல?

உன் மகன் உடுக்கை எடுத்தான். குடுக்கை வலமாகக் கிளம்பியது. நான் வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஒதுங்கிப் போகவில்லை. குடுக்கை நெருங்க நெருங்க அது வந்தது. முதலில் கை சில்லிட்டது. பிறகு நெஞ்சு. பிறகு தோள் ஆடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவன், "சாமி..." என்று எழுந்துவிட்டான்.

"சாமி இல்லீங்க. படபடப்பு. கொஞ்ச நேரத்துல போயிரும், உக்காருங்க" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். உடுக்கை நிற்கவில்லை. நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை. உடம்பு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். குடுக்கை என்னிடம் வந்தபோது உன் மகன் உடுக்கையைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு, தானே அதை வாங்கி என்முன் ஏந்தினான்.

"மாமா, நாக்குல ஒரு சொட்டுத் தொட்டு வெச்சுக்குங்க. போதும். சாமி குத்தம் வேண்டாமுங்க."

"வேண்டாம் கண்ணு. குத்தம்னா அது என்ற தலைமேல இருக்கட்டும். நான் குடிக்கறதில்ல."

குரல் நடுங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வட்டத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்டது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. யாரும் வேப்பிலை கொண்டுவரவில்லை. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடுக்கையை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான். அந்த ஆளும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதற்கடுத்த ஆளிடம் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது.

படபடப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அது நாளைக்கும் வரும், சாகும்வரை வந்துகொண்டும் இருக்கும் என்றே நினைக்கிறேன். வரட்டும். எனக்காக, 'வேண்டாம்' என்று சொல்ல அன்று ஊர் முன்னால் நீ எழுந்து நின்றாய். இனி நானே சொல்லிக்கொள்வேன், மச்சான்.